பதினொரு முட்டுக்கால்கள்

மலையுச்சிச் சிலுவையைப் பனிமூட்டம் விழுங்கியிருக்க, அகன்ற ஆறு உருக்கி வார்த்த ஈயம்போல் ஒளியின்றி நகர, மேப்பிள் மரங்கள் உதிர்த்த கடைசி இலைகள் நடைபாதை ஈரத்தில் ஒட்டிக் கிடக்க, மொன்றியால் மாநகர் கூதிரை விட்டு முன்பனிக்குள் அடியெடுத்து வைத்த இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு நவம்பர்த் திங்களின் ஒரு வெள்ளிக்கிழமைக் காலை அது. அந்நகரின் வடகிழக்கே, கல்லகழ்ந்த பெருங்குழிகளை அடுத்த செயின்ட்-மிஷேலில், மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்து வேரூன்றிய கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பங்கள் தம் கோயிற் பங்குக்கென ஒரு கூடம் எழுப்பிக்கொண்டிருந்தன.

படிப்பவரே, அக்கூடம் எழுந்த முறையைச் சற்றே கேளும். உறைபனி எட்டாத ஆழத்துக்கு மண்ணை அகழ்ந்து அகன்ற அடித்தளம் இட்டு, அதனின்று முளைத்த முறுக்குக் கம்பிகளைச் சுற்றி வளையங்கள் கட்டி, பலகையால் பெட்டி அடைத்து, கொங்கிறீற்று எனும் கற்காரை பெய்து தூண்களை நிறுத்தினர். தூண்களின் தலைமேல் நீண்ட உத்தரங்களையும், அவற்றோடு ஒன்றாய் மேல்தளத்தையும் வார்த்தனர். வார்த்த அன்று அது கல்லன்று, கல்லாகப்போகும் குழம்பு. குழம்பு கல்லாகும் வரை அதன் சுமையைத் தாங்குவன கீழே நிறுத்திய இரும்பு முட்டுக்கால்களே. நடு உத்தரத்தின் கீழ் அவை இருபத்திரண்டு. குளிரில் கற்காரை இறுகச் சுணங்கும் ஆதலால், சுற்றிலும் திரை கட்டி உள்ளே வெப்பம் மூட்டினர்.

வேலையைப் பொறுப்பேற்றவன் வலன்ரைன். அவன் தங்கை செலீன், ஆற்றுக்கு அப்பால் லொங்குய்யில், கற்காரையின் வலிமையை ஆய்ந்து சொல்லும் நிலையத்தில் பணிபுரிந்தாள். உத்தரம் வார்த்த அன்றே அதே குழம்பால் வார்த்து, அதே கூடத்துள் பத்து நாள் வைத்திருந்த சிறு உருளைகள் வெள்ளிக் காலை அவளிடம் வரவிருந்தன. அவற்றை அழுத்தி உடைத்தால் உத்தரம் எவ்வளவு இறுகியது என்பது தெரியும். ஞாயிறன்று மறைமாவட்ட ஆயர் வந்து புதுக் கூரையின் கீழ் முதல் வழிபாடு நடத்துவதாக ஏற்பாடு. ஆதலால் வியாழன் மாலை தமையன் தொலைபேசியில் அழைத்தான்.

"பிள்ளை, நாளைக்குப் பத்து மணிக்குள்ள சொல்லு. நீ ஒண்டும் சொல்லாட்டி நல்லதெண்டு நினைச்சு முட்டுகளைக் கழட்டத் தொடங்கிடுவன்."

உலையில் அரிசி பொங்கி வழிய, அதை இறக்கும் விரைவில் செலீன், "ஓம் அண்ணை" என்று இசைந்தாள்.

மறுநாள் நிலையத்தில் வேறொரு பாலத்தின் உருளைகள் முன்னே காத்திருந்தன. பத்து மணி வந்ததும் கடந்ததும் அவள் அறியாள். பத்தே முக்காலுக்கு முதல் உருளை பொறிக்குள் ஏறியது. வெடித்துச் சிதற வேண்டிய அது, நனைந்த வெல்லக்கட்டிபோல் மெல்ல நொறுங்கிற்று. முள் வேண்டிய அளவின் பாதியையும் தொடவில்லை. இரண்டாவதும் அவ்வாறே. சுவர் மணிக்கூட்டை ஏறிட்டாள். முந்திய மாலை தான் உதிர்த்த அந்த 'ஓம்' நெஞ்சுக்குள் கல்லாய் விழுந்தது.

தமையனை அழைத்தாள், மணி ஒலித்து ஓய்ந்தது. பங்குச் சாமியாரின் இல்லத்தை அழைத்தாள். அங்கும் எவரும் எடுக்கவில்லை. நிலைய மேலாளர் கட்டடப் பொறியாளரைத் தேடி அழைக்கத் தொடங்க, ஆற்றுப் பாலத்தில் ஊர்திகள் அசையாது நிற்பதாகக் கேட்டு, அவள் நிலத்தடித் தொடர்வண்டிக்கு ஓடினாள். ஆற்றின் அடியில் வண்டி விரைந்தபோது அவள் உள்ளம் ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டது. வேலை செய்வோர் இருவர். இருவரும் சேர்ந்து ஒரு முட்டுக்காலைத் தளர்த்தி எடுக்கப் பத்து மணித்துளி. பத்து மணிக்குத் தொடங்கியிருந்தால் இப்போது எத்தனை? விடை வருமுன் அதை அழித்து மீண்டும் தொடங்கினாள். இருமுறை வண்டி மாறினாள். கதவு மூடும் ஒவ்வொரு ஒலியும் எங்கோ ஓர் உத்தரம் முறியும் ஓசையாகவே அவளுக்குக் கேட்டது.

கூடத்தின் வாயிலை அவள் அடைந்தபோது, பாடற்குழுப் பெண்கள் எழுவர் உள்ளே பேசிச் சிரித்தபடி நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தனர். சுவரோரம் பதினொரு முட்டுக்கால்கள் சாய்ந்து கிடந்தன. பன்னிரண்டாவதின் திருகில் வலன்ரைனின் உதவியாளன் யோசெப் கைவைத்திருந்தான்.

"தொடாதைங்கோ யோசெப் அண்ணை! கையை எடுங்கோ!"

அவள் குரலில் இருந்தது என்னவென்று அறியாமலே அனைவரும் உறைந்தனர். அந்த அமைதியில்தான் அது கேட்டது: தலைக்குமேல், பல்லைக் கடிப்பதுபோன்ற மெல்லிய நெறுநெறுப்பு. உத்தரத்தின் நடுவயிற்றில் மயிரிழைபோல் மூன்று வெடிப்புகள் ஓடியிருந்தன. பெண்களையும் யோசெப்பையும் அரவமின்றிப் பக்கக் கதவால் வெளியேற்றினாள். சுவரோரம் நின்ற வலன்ரைன் கழற்றிய முட்டுக்கால் ஒன்றைத் தூக்கினான்.

"அண்ணை, உத்தரத்துக்குக் கீழ போகாதைங்கோ. பொறியாளர் வரட்டும்."

"வரும்வரை இது நிக்குமோ? நீ சொல்லு, நிக்குமோ?"

அவன் தனியே உத்தரத்தின் கீழ் சென்றான். ஒவ்வொரு காலாக நிறுத்தி, உத்தரத்தை மேலே தள்ளிவிடாமல் தொடுமளவே திருகினான். செலீன் வாயிலில் நின்று கண்ணிமைக்காது எண்ணினாள். ஏழாவதின்போது மேலிருந்து சாம்பல்நிறத் தூள் அவன் தோளில் உதிர்ந்தது. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. பதினொன்றாவது நின்றபின் வெளியே வந்து, மண் குவியல்மேல் குழந்தைபோல் அமர்ந்தான்.

"வார்த்த அண்டிரவே சூடு நிண்டுபோச்சு, பிள்ளை. விடியத்தான் கண்டனான். ஒரு இரவுதானே எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்ல."

"நானும் யோசிக்காமல் ஓம் எண்டிட்டன், அண்ணை" என்று அவள் அருகே அமர்ந்தாள்.

ஞாயிறு வழிபாடு பழைய கோயிலிலேயே நடந்தது. பிற்பாடு பொறியாளர் ஆணைப்படி, வலுவிழந்த உத்தரத்தைத் தாங்க, புது அடித்தளம் தோண்டி, கூடத்தின் நட்டநடுவே ஒரு தூண் நிறுத்தப்பட்டது. அத்தூண் இன்றும் மேடையை மறைக்கின்றது. மணவீட்டார் படம் பிடிக்க இடையூறென்று முணுமுணுக்கின்றனர். கட்டியவனுக்குக் கண் இல்லையா என்று வலன்ரைனின் காதுபடவே கேட்கின்றனர். செலீனுக்கோ அவ்வசைமொழி ஒவ்வொன்றும் நெஞ்சில் பால் வார்க்கின்றது. ஏனெனில், படிப்பவரே, ஒரு தூணைக் குறைகூறும் உரிமை, அக்கூரையின் கீழ் உயிரோடு இருப்பவர்க்கே உண்டு.