மேசைக்கு வராத சத்தம்

தம்பி தரையில் மண்டியிட்டு ஒயரின் மேல் டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். சாவுக்கு வருகிறவர்கள் ஒயர் தடுக்கி விழுந்து, விழுந்ததற்காக அழக்கூடாது என்பது அவருடைய தொழில் தர்மம். மேடைக் கச்சேரிகளுக்கு ஒலி அமைக்கிறவர், வயது அறுபத்து மூன்று. அக்காவுக்குத் தம்பி என்பதால் மேடையேறும் இசைக்குழு முழுவதற்கும் தம்பியாகிவிட்டவர். அக்காவின் பேரன் பேத்திகூட வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிடுவார்கள்.

மயானத்தை ஒட்டிய அந்தக் கூடம் ஒலிக்கு ஜென்மப் பகை. தரை பளிங்கு, சுவர் கண்ணாடி, கூரை தகரம். கதவருகே ஒருவர் தும்மினால், தும்மல் நாலு சுவரையும் விசாரித்துவிட்டுத் திரும்பி வந்து தும்மினவரையே அடையாளம் காட்டும். இப்படி ஒரு கூடத்தை வாழ்நாளில் அத்தான் வாசிக்க ஒத்துக்கொண்டிருக்கவே மாட்டார். இன்று அவரை யாரும் கேட்கவில்லை. பெட்டிக்குள், சட்டைக் காலரின் மேல் பொத்தான்வரை போட்டுப் படுத்திருந்தார்.

அத்தான், அக்காவின் கணவர், ஸ்டீல் கிட்டார் வாசித்தவர். மார்போடு அணைத்து வாசிக்கிற கிட்டார் இல்லை அது. மேஜைபோல முன்னால் நிற்கும். உட்கார்ந்துகொண்டு, கம்பிகளின் மேல் ஓர் உருக்குத் துண்டை வழுக்கிக்கொண்டே போக வேண்டும். அழத் தொடங்கிய ஒருத்தி நடுவில் மனம் மாறிச் சிரித்ததைப் போல ஒரு சத்தம் வரும். பகலெல்லாம் தபால் பிரித்த மனிதர், வார இறுதியில் அந்தச் சத்தத்துக்காகவே உயிரோடு இருந்தார். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம்கூட, தலைமாட்டில் கத்திய இயந்திரத்தைக் காட்டி, "சிஸ்டர், இது சுதி கொஞ்சம் கம்மியா கத்துது, யாரையாவது கூப்பிட்டு ஏத்தச் சொல்லுங்க" என்றார். அந்தப் பெண் டாக்டரையே கூப்பிட்டுவிட்டாள்.

"தம்பி, நீ சாப்பிட்டியா?"

அக்கா பின்னால் வந்து நின்றாள். முகம் கழுவித் துடைக்காமல் விட்டதுபோல இருந்தது.

"ஆச்சுக்கா."

"பொய். எங்க சாப்பிட்ட?"

"வண்டியில."

"வண்டியில என்ன இருக்கு, பேட்டரியா?" அவள் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். நாற்காலியின் கிறீச்சொலி கூரைவரை போய் வந்தது. "எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். பேச்சு வேண்டாம், யாரும் ஒண்ணும் பேச வேண்டாம். அவர் வாசிச்சது ஒண்ணு ஓடும், எல்லாரும் கேப்பாங்க, அப்புறம் எடுத்துட்டுப் போகலாம்னு. தம்பி எல்லா ஷோவையும் பதிஞ்சு வச்சிருக்கான்னு சொன்னேன்."

"ம்."

"நல்லா கேக்கணும்டா. ஒரு தடவையாவது."

அவள் எழுந்து போனாள். தம்பி டேப்பைக் கிழிக்க மறந்து, உருளையைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

எல்லா ஷோவையும் பதிந்து வைத்திருந்தார் என்பது உண்மைதான். கல்யாண மண்டபம், கிளப், பள்ளி ஆண்டுவிழா, ஒருமுறை ஒரு கப்பல் கம்பெனியின் சாப்பாட்டுக்கூடம், எதையும் விடவில்லை. விடிந்ததிலிருந்து அத்தனையிலும் அங்கங்கே கொஞ்சம் காதில் மாட்டிக் கேட்டும் முடித்திருந்தார். பாடகர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பாடுவதுபோல் அவ்வளவு துல்லியம். டிரம், பேஸ் கிட்டார் எல்லாம் கண்ணாடிபோலத் தெளிவு. அத்தான் மட்டும் இல்லை. எங்கேயோ நாலாவது தெருவில், சன்னலை மூடிக்கொண்டு யாரோ வாசிப்பதுபோல ஓர் இழை. அவ்வளவுதான்.

காரணம் உலகத்திலேயே அவருக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களின் சத்தம் தம்பியின் ஒலி கலக்கும் மேசை வழியாகத்தான் ஸ்பீக்கருக்குப் போகும். மேசை வழியாகப் போவதுதான் பதிவிலும் ஏறும். அத்தான் மட்டும் தன் பக்கத்திலேயே சொந்தமாக ஓர் ஒலிபெருக்கி ஆம்ப் வைத்திருந்தார். ஃபிரிட்ஜ் அளவு. அதை அவர் திருகினால் முன்வரிசைக்காரர்களின் பொய்ப்பல் தானாகத் தாளம் போடும். கடைசி வரிசையில் தூங்கும் குழந்தை எழுந்து நின்று பார்க்கும். அது நேரடியாகவே கூடத்தை நிரப்பிவிடும்போது, மேசையில் அவருக்கு இடமேது? தம்பி அத்தானின் சத்தத்துக்கான குமிழை முழுக்க இறக்கிவிடுவார். அத்தான் மேடையிலிருந்து முறைப்பார். ஆம்பை இன்னும் ஒரு திருகு திருகுவார். தம்பி இன்னும் இறக்க ஒன்றுமில்லாமல், பாடகரை ஏற்றுவார். அக்காவுக்குக் கல்யாணமான புதிதில் தொடங்கிய இந்தச் சண்டையில் ஒரு வார்த்தைகூடப் பேசப்பட்டதில்லை. முடிந்ததும் இருவரும் ஒரே வண்டியில் சாமான் ஏற்றி வீட்டுக்கு வருவார்கள்.

கூடத்தில் கேட்டவர்களுக்கு அளவு சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்த அத்தனை ஷோவும் அன்றன்றே கூடத்தோடு கரைந்துபோயின.

பாடகர் வந்து சேர்ந்தார். குழுவில் அவருக்குக் குயில் என்று பெயர். உருவத்தில் இரண்டு பீரோவைச் சேர்த்துக் கட்டியது போலிருப்பார். மேசைமேல் சாய்ந்துகொண்டு, ரகசியம் என்ற எண்ணத்தில், வாசல்வரை கேட்கும் குரலில் கேட்டார்.

"எதைப் போடறோம்?"

"எதுலயும் அவர் இல்ல."

"என்னய்யா சொல்ற?"

தம்பி ஹெட்ஃபோனை நீட்டினார். குயில் காதில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். முகம் மலர்ந்தது. "ஆகா, அன்னைக்கு நான் நல்லாத்தான் பாடியிருக்கேன்!"

"உங்களை யாரு கேக்கச் சொன்னது?"

குயில் மறுபடியும் கேட்டார். மலர்ச்சி மெல்ல இறங்கியது. ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"இதே மெட்டை வேற யாராவது வாசிச்சது கிடைக்கும்ல? ஸ்டுடியோ பதிவு. நெட்டுல கொட்டிக் கிடக்கு. யாருக்குத் தெரியப் போகுது?"

"அக்காவுக்கு."

"பாவம், ரெண்டு மாசமா தூங்காத பொம்பள. இந்த எதிரொலியில எனக்கே என் குரல் தெரியல."

தம்பி போனில் தேடினார், கிடைத்தது. சுத்தமான வாசிப்பு, சுதி இம்மி பிசகாதது. அத்தான் ஒவ்வொரு வரியின் கடைசி ஸ்வரத்தையும் வேண்டுமென்றே கொஞ்சம் தாமதமாகப் போய்த் தொடுவார். பஸ்ஸை விட்டுவிடப் போகிறார் என்று நமக்குப் பதறும்போது ஏறிவிடுவார். இந்த ஆள் முன்னாலேயே வந்து நிறுத்தத்தில் நின்றான். இருந்தும் தம்பி அதை மேசையில் ஏற்றி வைத்தார். ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். விரல் பொத்தான் மேல் இருந்தது. முன்வரிசையில் அக்கா, கைப்பையை மடியில் வைத்து, பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடக் காத்திருப்பவள்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

தம்பி எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அக்கா, அத்தான் வாசிச்சது எங்கிட்ட இல்ல."

"அழிஞ்சு போச்சா?"

"இல்ல. நான் ஏத்தவே இல்ல. அவரோட ஆம்பே கூடத்துக்குப் போதும்னு, எங்கிட்ட வர்றதை மூடிட்டேன்."

"எந்த ஷோவுல?"

"எல்லாத்துலயும்."

அக்கா பெட்டியைப் பார்த்தாள். யாரோ வந்து அவள் கையைப் பிடித்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார்கள். அவளும் ஏதோ சொன்னாள்.

"வீட்டுக்கு வந்ததும் கேப்பார்," என்றாள் பிறகு. "மச்சான் இன்னைக்காவது என்னைத் திறந்தானா மூடினானான்னு. நான் எங்கடா கண்டேன், திறந்தான் திறந்தான்னு சொல்லுவேன்."

தம்பி தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் டேப்பின் பசை ஒட்டியிருந்தது.

அக்கா கைப்பையைத் திறந்தாள். மாத்திரை அட்டை, சாவிக்கொத்து, மடித்த பிளாஸ்டிக் பை, எல்லாவற்றையும் ஒதுக்கி அடியிலிருந்து போனை எடுத்தாள். "திட்டாத."

"என்ன?"

"போனுல பதியக்கூடாதுன்னு நீ ஒவ்வொரு ஷோவுக்கும் மைக்ல சொல்லுவியே. போனை உள்ள வைங்க, சத்தம் கண்றாவியா வரும், என்கிட்ட சுத்தமான பதிவு இருக்குன்னு."

"ஆமா."

"நீ சொல்லி முடிச்சதும்தான் நான் எடுப்பேன். பைக்குள்ளயே வச்சுப்பேன்."

அவள் முன்வரிசையில், ஆம்புக்கு நேரெதிரே உட்காருகிறவள். தம்பி அந்தப் பதிவைக் காதில் வைத்தார். முதலில் கைப்பையின் ஜிப். பிறகு பூகம்பம்போல ஓர் இருமல். மாத்திரை அட்டையின் மொரமொரப்பு. குயில் எங்கோ கிணற்றுக்குள் விழுந்து உதவி கேட்டுக்கொண்டிருந்தார். டிரம் யாரோ பக்கத்து வீட்டில் துணி துவைப்பது. அத்தனைக்கும் மேலே, அத்தனையையும் நனைத்துக்கொண்டு, ஸ்டீல். வரியின் கடைசியில் அந்த ஸ்வரம் வரவில்லை, வரவில்லை, வந்தது.

நாற்பது வருடத் தொழிலில் அவர் ஒலிபரப்பியவற்றிலேயே கேவலமான பதிவு அதுதான். போனை மேசையில் அத்தானுக்கான இடத்தில் மாட்டினார். கூடத்தின் எதிரொலி தாங்காமல் இரைந்த கீழ்ச்சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார். வேறெதையும் தொடவில்லை. அத்தானின் குமிழை மெல்ல ஏற்றினார்; முழுவதும் ஏற்றினார்.

கண்ணாடிச் சுவர்கள் நடுங்கின. பூ கொண்டுவந்த ஒருவர் பூவோடு வழியிலேயே நின்றுவிட்டார். குயில் தன் குரல் கேட்காததைப் பற்றி முதன்முறையாகக் குறை சொல்லவில்லை. வாயைத் திறந்தபடி உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெட்டு முடிந்தது. பதிவில் கைதட்டல் வந்தது. கூடத்தில் இரண்டு மூன்று பேர் கையைத் தூக்கிவிட்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் இறக்கினார்கள்.

அன்றைக்கு அக்கா பதிவை நிறுத்த மறந்திருக்கிறாள். கைதட்டல் ஓய்ந்து, ஆட்கள் பேசிக்கொண்டே கலையும் சத்தம் தேய்ந்தது. நாற்காலிகள் இழுபட்டன. பிறகு, பக்கத்திலேயே, அத்தானின் குரல். "முதுகு பிடிச்சுக்கிச்சு. அந்தப் பெட்டியை இந்தப் பக்கம் தள்ளு."

முன்வரிசையில் அக்கா தலையைத் திருப்பவில்லை. அவளுடைய வலது கால் மட்டும் தரையில் சற்று முன்னால் நகர்ந்தது.

ஸ்பீக்கரில் உலோகம் உலோகத்தோடு உரசியது. ஸ்டீல் கிட்டாரைக் கவிழ்த்துப் போட்டு, நிற்கும் நாலு கால்களையும் ஒவ்வொன்றாகத் திருகிக் கழற்றிப் பெட்டிக்குள் வைப்பார். அவசரப்பட மாட்டார், யாரையும் தொடவும் விடமாட்டார். ஒரு கால் கழன்று பெட்டிக்குள் விழுந்தது. இன்னொன்று. பெருமூச்சு. இன்னொன்று.

கூடத்துப் பணியாள் மேசையருகே வந்து குனிந்தார். வெளியே தள்ளுவண்டி தயாராக நின்றது.

"முடிஞ்சுதுங்களா? எடுத்துடலாமா?"

தம்பி குமிழிலிருந்து விரலை எடுக்காமல் சொன்னார்:

"இருங்க. இன்னும் ஒரு கால் பாக்கி இருக்கு."