மீனை நடக்கவிட்டவர்

"எழுந்திருடி. இந்த ஊர்ல உக்காந்து சாப்பிடறவ ஒண்ணு வெளியூர்க்காரி, இல்லேன்னா கால் ஒடிஞ்சவ" என்று ரோசியோவை நாற்காலியிலிருந்து இழுத்தாள் இடோயா.

"நான் வெளியூர்க்காரிதானே! செவில்லேருந்து நாள் பூரா ரயில்ல வந்திருக்கேன்."

"அதுல உக்காந்துதானே வந்தே? போதும், வா."

பிலார் சிரித்த சிரிப்பில் ஆலிவும் நெத்திலியும் கோத்திருந்த குச்சி அவள் கையை விட்டு விழுந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் சரகோசாவில் ஒரே ஓட்டல் சமையலறையில் வேலை பார்த்தவர்கள் மூவரும். வருஷத்துக்கு ஒரு சனி ஞாயிறு யாராவது ஒருத்தியின் ஊரில் கூடித் தின்று திரிவது அன்றிலிருந்து வழக்கம். இந்தத் தடவை இடோயா பிறந்த சான் செபாஸ்டியான். கடைக்கு ஒரு வாய் தீனி, ஒரு மடக்கு வைன், உடனே அடுத்த கடை. ஐந்தாவது கடையில் ரோசியோ செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

இடோயாவின் மனசோ மறுநாள் மதியத்தில் இருந்தது. அவளுடைய அப்பா அம்புரோசியோ நாற்பது வருஷம் உறுப்பினராக இருந்த சமையல் சங்கத்தில் நாளைக்கு அவர் படத்தை மாட்டுகிறார்கள். வசந்தத்தில்தான் அவர் போய்ச் சேர்ந்தார். அப்பாவின் இடம் தம்பி கோல்டோவுக்கு வந்துவிட்டது. மகளுக்கு வராது. அங்கே சமைப்பதும் பரிமாறுவதும் ஆண்கள். பெண்கள் விருந்தாளியாக வந்து சாப்பிடலாம், ஆனால் சமையலறை வாசலில் தரையில் பதித்த பித்தளைப் பட்டையைத் தாண்டக் கூடாது. ஊரில் எத்தனையோ சங்கங்கள் மாறிவிட்டன. இது மட்டும் ஒற்றைக் காலில் நிற்கிறது.

"பள்ளிக்கூடத்துல தினம் நானூறு பிள்ளைங்களுக்குச் சமைச்சுப் போடறவ நீ. உன்னைப் பட்டைக்கு இந்தப் பக்கம் உக்கார வெப்பாங்களா?" என்றாள் பிலார்.

"வெப்பாங்க."

"நீயும் உக்காருவே?"

அடுத்த கடையில் காளான் நன்றாயிருக்கும் என்று சொல்லிவிட்டு இடோயா முன்னால் நடந்தாள்.

சனிக்கிழமை காலை ஊர்குல் குன்றில் ஏறினார்கள். கீழே விரிகுடா வளைந்து கிடந்தது. நாளைக்குக் கடலைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பது போல ரோசியோ படம் பிடித்துத் தள்ளினாள். கோட்டைச் சுவரில் சாய்ந்துகொண்டு, இதுவரை யாரிடமும் சொல்லாததை இடோயா சொன்னாள்.

"எங்கப்பாவோட காட் மீன் நடக்கும்னு ஊரே சொல்லும். சங்கத்துல குழம்பு திரளலேன்னா சட்டியைத் துணியால மூடி எடுத்துக்கிட்டுத் தெருமுனை வரைக்கும் போய்ட்டு வருவாரு. நடக்கற ஆட்டத்துலயும் கடல் காத்துலயும் தானா திரளும்னு சொல்லுவாரு. எண்ணெயா போன சட்டி கெட்டிக் குழம்பா திரும்பி வரும். எல்லாரும் கை தட்டுவாங்க."

"நெஜமாவா திரளும்?" என்றாள் ரோசியோ.

"தெருமுனையில இருந்தது எங்க வீடு. அடுப்படியில இருந்தது நான்."

பிலார் அவள் பக்கம் திரும்பி நின்றாள்.

"பதினெட்டு வயசுலேருந்து ஆறு வருஷம். சட்டியைக் கையில குடுக்கும்போது அப்பா கண்ணடிப்பாரு. அப்போ எனக்கு அது போதும்னு இருந்துச்சு. நான் சரகோசாவுக்கு வேலைக்கு வந்ததும், மணிக்கட்டு வலின்னு சொல்லி அவரு அந்தச் சட்டியைத் தொடவே இல்ல. பேரு மட்டும் நின்னுடுச்சு. இப்போ எனக்குக் கண்ணடிச்சது போதலடி. வயிறு எரியுது."

"கோல்டோவுக்குத் தெரியுமா?"

"அவன் அப்போ பந்து ஒதைச்சுக்கிட்டுத் திரிஞ்சான். அவனும் நடையைத்தான் நம்பறான்."

மதியம் இரண்டு மணிக்குச் சங்கத்தில் இருபது ஆண்கள் ரொட்டியும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். சிநேகிதிகள் மூவருக்கும் விருந்தாளி மேஜை. அப்பா படத்தின் கீழே 'மீனை நடக்கவிட்டவர்' என்று பலகை. தலைவர் ஃபெர்மின், அப்பாவின் பால்ய சிநேகிதர், நாலு வார்த்தை பேசுவதற்குள் அழுதுவிட்டார். பொய் அழுகை இல்லை. அதுதான் இடோயாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

உள்ளே கோல்டோ மண்சட்டியை ஆட்டிக்கொண்டிருந்தான். மீன், பூண்டு, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். மாவு போட்டால் கேவலம். மீன் தோலின் பசைதான் எண்ணெயைக் கட்ட வேண்டும். கட்டவில்லை. அவன் சட்டியைத் துணியால் மூடித் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனான். எல்லாரும் மரியாதையாக எழுந்து நின்றார்கள். திரும்பி வந்து துணியை எடுத்தான். எண்ணெய். மறுபடி போனான், இந்தத் தடவை மாதா கோயில் வரைக்கும். தூறலில் நனைந்து வந்தான். அதே எண்ணெய், இப்போது ஆறிப்போயிருந்தது.

"வேகமா நடந்துட்டான்" என்றார் ஒருவர்.

"காத்து இன்னிக்கித் தெக்கத்திக் காத்து. அதான்" என்றார் இன்னொருவர்.

இடோயா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். கோல்டோவின் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னக்கா சிரிக்கறே?"

"நடந்தா திரளாதுடா. அப்பா சட்டியைத் தூக்கிக்கிட்டு வந்தது வீட்டுக்கு. திரட்டிக் குடுத்தவ நான். ஆறு வருஷம்."

ஃபெர்மின் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நாற்பது வருஷம் தலைவராக இருந்தவர் ஆயிற்றே, சட்டத்தில் சந்து கண்டுபிடிக்கத் தெரியாதா?

"சரிம்மா. கோல்டோ, சட்டியை இங்க மேஜைக்குக் கொண்டா. அவ இங்கயே உக்காந்து ஆட்டட்டும். சங்கத்து விதிக்கும் பங்கமில்ல."

"மாட்டேன் மாமா."

"என்னம்மா இது? சின்ன விஷயம்."

"சின்ன விஷயம்னா நீங்க விட்டுக் குடுங்களேன். கதவுக்குப் பின்னால நின்னு ஆறு வருஷம் ஆட்டிட்டேன். இனிமே ஆட்டினா உள்ள அடுப்பு முன்னாலதான். இல்லேன்னா எல்லாரும் எண்ணெயைத் தொட்டுத் தின்னுங்க. நாங்க காளான் திங்கப் போறோம்."

"பொம்பளைங்க உள்ள போனதே இல்ல" என்றார் ஃபெர்மின். வாசலை மறித்துக் கையை நீட்டினார்.

"தினம் காலையில வந்து அடுப்பைத் தேய்க்கறது யாருங்க?" பிலார் எழுந்து கேட்டாள். "மீசை வெச்ச ஆளா?"

தேய்க்க வருகிறவள் அமெலியா. அது எல்லாருக்கும் தெரியும். கடைசி மேஜையிலிருந்து ஒரு கிழவர், "ஃபெர்மின், நகருப்பா, பசிக்குது" என்றார்.

ஃபெர்மின் நகரவில்லை. இடோயாவும் அவர் நகரட்டும் என்று காத்திருக்கவில்லை. நீட்டிய கைக்குக் கீழே குனிந்து, பித்தளைப் பட்டையை நன்றாக மிதித்துக்கொண்டே உள்ளே போனாள். கோல்டோ தன் சமையல் மேலங்கியைக் கழற்றி அவளிடம் கொடுத்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

எண்ணெயை வடித்து வைத்தாள். சட்டியை இளஞ்சூட்டுக்குக் கொண்டு வந்து மீனை ஓரமாக ஒதுக்கினாள். அடியில் நின்ற மீன் சாற்றில் டீ வடிகட்டியின் முதுகை வைத்துச் சுழற்றினாள். எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். அவசரப்படவில்லை. இருபது பேரும் வாசலில் முட்டிக்கொண்டு நின்றார்கள், பட்டைக்கு அந்தப் பக்கம். கொஞ்ச நேரத்தில் குழம்பு கெட்டித் தயிர் மாதிரி திரண்டு நின்றது.

சட்டியில் ரொட்டியைத் தொட்டு வாயில் வைத்த ஃபெர்மின் கண்ணை மூடினார்.

"அம்புரோசியோவோட மீன்" என்றார்.

"இடோயாவோட மீன்" என்றாள் அவள்.

அவர் மறுக்கவில்லை. சட்டி காலியானதும் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "இன்னிக்கி ஒரு நாள் மட்டும், விதிவிலக்கா…"

அவர் முடிப்பதற்குள் இடோயா, அடுப்பு வேண்டுகிறவர்கள் பேர் எழுதும் கரும்பலகைக்குப் போய்விட்டாள். 'அடுத்த சனி, இரண்டு மணி, இடோயா' என்று சாக்குக்கட்டியை அழுத்தி எழுதினாள்.

ஃபெர்மின் துணியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"துடைங்க மாமா" என்றாள் இடோயா. குரல் உயரவில்லை. "ஆனா இதைத் துடைச்சா, அப்பா படத்துக்குக் கீழ இருக்கற பலகையையும் கழட்டிடுங்க. அந்தப் பேரும் நான் வாங்கிக் குடுத்ததுதான்."

ஃபெர்மின் பலகையைப் பார்த்தார். தூக்கிய கை அப்படியே நின்றது. பிறகு துணியை மெல்ல நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.