குருவி போட்ட அங்கி

தம்பி தைத்துக் கொடுத்த அங்கியை அக்கா விரித்துப் பார்த்தாள். முன்பக்கத்தில் நீலக் குருவிகள் ஒழுங்காக நிமிர்ந்து நின்றன. திருப்பிப் போட்டால், முதுகு முழுக்கக் குருவிகள் காலை மேலே தூக்கிக்கொண்டு தொங்கின. அவள் அதை மெதுவாக மடித்துத் தையல் மெஷின்மேல் வைத்தாள்.

"சரிடா, புரிஞ்சுது" என்று மட்டும் சொல்லிவிட்டு அச்சறைக்குப் போனாள்.

அக்கா மர அச்சைச் சாயத்தில் தொட்டுப் பருத்தித் துணியில் பதிப்பாள். தம்பி வெட்டித் தைப்பான். குளித்துவிட்டு மேலே போட்டுக்கொள்கிற நீள அங்கிதான் அவர்கள் சரக்கு. ஈர உடம்பில் தையல் உறுத்தக் கூடாது என்று, துணியைத் தோள்மட்டத்தில் மடித்து முன்னும் பின்னும் ஒரே துண்டாக வெட்டுவது அவன் வழக்கம். பூப்போட்ட துணிக்கு அது சரி. பூவுக்குத் தலை எது, கால் எது? குருவிக்கு இரண்டும் உண்டு. முன்னால் நிமிர்ந்து நிற்கிற குருவி, தோளைத் தாண்டி முதுகில் இறங்கினால் தலைகீழாகிவிடும். அதற்கு இரண்டு துண்டாக வெட்டித் தோளில் இணைக்க வேண்டும். நேற்றுத் தொழிலுக்கு வந்தவனுக்குக்கூட இது தெரியும். இவனுக்குத் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்?

இந்த அங்கி வேன்காரருக்கு. வாராவாரம் சரக்கு எடுக்க வருகிறவர், மனைவியை இழந்தவர், ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம். சரக்கை ஏற்றிய பிறகும் கிளம்பாமல், அக்கா அலசிய துணியின் மறுமுனையைப் பிடித்து அவர் பிழிய ஆரம்பித்தபோதே தம்பிக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. கொடியில் துணி போட அக்காவுக்கு முக்காலி வேண்டும், அவருக்கு வேண்டாம். அப்படித் தொடங்கியது கல்யாணப் பேச்சில் வந்து நின்றது.

அப்பா அம்மா போன பிறகு, தன் கல்யாணத்தைத் தள்ளித் தள்ளிப் போட்டு இவனை ஆளாக்கியவள் அவள். தலை நரைக்கத் தொடங்கியபின் தனக்கென்று ஒன்று கேட்டாள். தம்பியோ பிடிகொடுக்காமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். அவரைப் பற்றி "அந்த ஆளு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை. கடைசியில் அவளே குருவி அச்சுப் பதித்த துணியைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"வாயால சொல்றது கஷ்டம்னா சொல்ல வேண்டாம். இதுல அவருக்கு ஒரு அங்கி தச்சுக் குடு. சரின்னு எடுத்துக்கறேன். மனசில்லைன்னா சொல்லிடு, விட்டுடறேன். உன்னை அழவச்சுட்டு எனக்கென்னடா வாழ்க்கை?"

அவன் தைக்கத்தான் செய்தான். ஆனால் அளவெடுக்க அவரைக் கூப்பிடவில்லை. ஏதோ ஒரு அளவில், ஏதோ ஒரு யோசனையில் வெட்டினான். கத்தரி பழகின தடத்திலேயே போய்விட்டது. வேண்டுமென்று செய்யவில்லை. சத்தியம் பண்ணு என்றால் பண்ண முடியுமா என்பதில் மட்டும் அவனுக்கே சந்தேகம். அக்கா போய்விட்டால் இந்த வீட்டில் அவனைத் திட்டக்கூட ஆளில்லை. நாற்பதைத் தாண்டிய ஆம்பிளைக்கு இப்படி ஒரு பயம் இருக்கும் என்று அவன் யாரிடம் போய்ச் சொல்வான்?

அச்சறையிலிருந்து அக்கா போனில் பேசுவது கேட்டது.

"இல்லைங்க... தம்பிக்கு இஷ்டமில்லை. தச்சுக் குடுத்த லட்சணத்துலயே சொல்லிட்டான். அடுத்த வாரத்துலேருந்து சரக்கெடுக்க வேற யாரையாவது அனுப்பச் சொல்லுங்க."

குரலில் அழுகை இல்லை. கடைக்காரரிடம் சாயம் தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாள். அழுதிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். எல்லாவற்றையும் இப்படித்தானே இத்தனை காலமும் விட்டுக்கொடுத்திருக்கிறாள் என்று நினைத்தபோது அவனுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. அங்கியை எடுத்துக்கொண்டு செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினான்.

அன்றைக்குச் சரக்கு நாள். வேன் அப்போதுதான் வாசலில் வந்து நின்றிருந்தது. அவர் அதன் பக்கத்தில், பேச்சு முடிந்த போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றிருந்தார்.

"இதைப் போடுங்க" என்றான் தம்பி மூச்சிரைக்க.

ஏன் என்று கேட்காமல் சட்டைமேலேயே போட்டுக்கொண்டார். கை முழங்கையோடு நின்றுவிட்டது. நீளம் முட்டியைத் தொடவில்லை. வேன் கண்ணாடியில் திரும்பி முதுகைப் பார்த்தார்.

"என்ன தம்பி, குருவியெல்லாம் குட்டிக்கரணம் போடுது?"

தம்பிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அக்கா சாயக் கையோடு வாசலுக்கு வந்து நின்றாள்.

"தப்பா வெட்டிட்டேன்க்கா. வேற துணி பதிச்சுக் குடு."

"எதுக்குடா?"

அவன் தன் கழுத்தில் கிடந்த டேப்பை உருவினான்.

"கையை நீட்டுங்க மாமா."

நீட்டினார். தம்பி எம்பிப் பார்த்தான், தோள் எட்டவில்லை. மாமா நடுத்தெருவில், இரண்டு கைகளையும் விரித்தபடியே, அவனுக்காக மெல்ல முட்டியை மடக்கினார்.