டப்பாவுக்கு ஐந்நூறு கிராம்

வியாழன்.

காலை ஏழு மணியிலிருந்து பேரீச்சம்பழம் தரம் பிரித்துவிட்டு, ஆறு மணிக்கு மாலை வகுப்பில் போய் உட்கார்ந்தேன். கழுவியும் விரலில் பிசுக்குப் போகவில்லை, பென்சில் ஒட்டியது.

இன்று தேர்வு. பழத்தை டப்பாவில் கட்டும் எங்கள் பொதிகூடத்தில் எடை மேசைக்கு ஓர் ஆள் வேண்டும். அதிக மதிப்பெண் எடுப்பவருக்கு அங்கே நாற்காலி. எனக்கு மூன்று பருவமாக நின்றபடியே வேலை. பக்கத்தில் நிற்கும் மெப்ரூகா அக்காவுக்குப் பதினோரு பருவம், முழங்கால் வீங்கியிருக்கிறது. அவரும் தேர்வு எழுத வந்திருந்தார்.

"என்னடி நஸீஹா, மூஞ்சி சுருங்கிப்போச்சு?"

"தூக்கமில்லக்கா."

"நாற்காலிய நெனச்சுக்கிட்டா? அதுல நான் உக்காரப்போறேன். நீ போய் நிம்மதியாத் தூங்கு."

கடைசிக் கணக்கு: வந்த பழம் 4680 கிலோ. டப்பாவுக்கு 500 கிராம். அட்டைப்பெட்டிக்கு 12 டப்பா. எத்தனை அட்டைப்பெட்டி?

எங்கள் ஆசிரியை உஸ்தாதா ஹூரியா சொல்லித்தந்தபடி அலகுகளை மேலும் கீழும் எழுதினேன். கிலோவைக் கிலோவோடு அடித்தேன், கிராமைக் கிராமோடு, டப்பாவை டப்பாவோடு. அட்டைப்பெட்டி மட்டும் மிஞ்சியது. விடை 750. மீதியே இல்லை. மீதி வராவிட்டால் சரி என்றுதான் எப்போதும் நம்புவேன்.

ஆனாலும் சந்தேகம். ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். கிராம் இருக்கும் இடத்தில் 520 என்று எழுதியிருந்தேன். எங்கள் தராசு நிற்பது அதில்தான்; கப்பலில் பழம் காயும் என்று கூடுதலாகப் போடுவோம். கை தானாக எழுதிவிட்டது. அழித்து 500 போட்டேன். 780. இதிலும் மீதியில்லை. எதை நம்புவது? தாள் நைந்துபோகும் வரை அழித்து அழித்து எழுதினேன். கடைசியில் 780.

உஸ்தாதா அங்கேயே திருத்தினார். எனக்கு எல்லாம் சரி. அக்காவுக்கு ஒன்று மட்டும் தப்பு: 750.

"உஸ்தாதா, ஐநூறு போட்டா அங்க போய் நானூத்தி எண்பதாத்தான் நிக்கும். வாங்குறவன் சரக்கத் திருப்பி அனுப்பிடுவான்."

"இருக்கலாம்மா. கேள்வியில ஐநூறுன்னுதானே இருக்கு."

"கேள்வி எழுதினவரு ஒரு டப்பாவாவது கட்டியிருப்பாரா?"

எல்லாரும் சிரித்தார்கள். உஸ்தாதா கண்ணைத் தேய்த்துக்கொண்டார். அவரும் காலையிலிருந்து பாடம் எடுக்கிறவர். "எனக்குத் தெரியாது. தாள்ல இருக்கறதுக்குத்தான் மார்க்கு."

அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ மொதல்லயே ஐநூறுதான் போட்டியா?"

"ஆமாக்கா."

தாளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டேன். ஏன் பொய் சொன்னேன் என்று யோசித்தேன். அலுப்பாக இருந்தது. யோசனையைப் பாதியில் விட்டுவிட்டேன்.

ஞாயிறு.

நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு கால் ஆடுகிறது. முதுகுவலி அப்படியேதான் இருக்கிறது. ஒரே நாளில் போகாது போல.

மேற்பார்வையாளர் வந்தார். "பழ வண்டி வந்திருக்கு. எத்தனை அட்டைப்பெட்டி எடுக்கணும்னு கணக்குப் போடு. டப்பாவுக்கு ஐநூத்தி இருவது, தெரியும்ல?"

"தெரியும்."

ஆறடி தள்ளி மேசை முன்னால் நின்றிருந்த அக்காவுக்கு அது கேட்டிருக்கும். தலை நிமிரவில்லை.

கணக்கைப் போட்டுக் கொடுத்தேன். தராசுக்கு முதல் டப்பா அக்கா கட்டியதுதான் வந்தது. 520. எடுத்து, மறுபடியும் வைத்துப் பார்த்தேன். 520.