சரசு அமுக்கிய சம்மதம்

எனக்குக் கோபம் மூக்கின்மேல் நிற்கும் என்று ஹெப்பகோடியில் எங்கள் வீட்டு வரிசையில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். அந்தக் கோபம் இருந்ததால்தான் நான் அந்தப் பட்டனை அமுக்காமல் இரண்டு மாதம் தாக்குப்பிடித்தேன். மற்றவர்கள் முதல் வாரமே அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

எலக்ட்ரானிக் சிட்டி பக்கத்தில் ஒரு ஃபேக்டரி. சர்க்யூட் போர்டில் சாமான் பொருத்தும் வேலை எனக்கு. பதினோரு வருஷமாகப் பர்மனென்ட். என் வீட்டுக்காரர் லாரியிலிருந்து விழுந்து இடுப்பு போனவர், அதனால் என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. 2007இல் ஒரு நாள் கேண்டீன் வாசலில் இரண்டு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தார்கள். இனி வேலை ஒப்பந்தம் எதுவும் காகிதத்தில் கிடையாது, எல்லாம் சாஃப்ட்வேரில்தான் என்றார்கள். ஆளுக்கு ஒரு நம்பர், ஒரு பாஸ்வேர்டு. உள்ளே போனால் பக்கம் பக்கமாக இங்கிலீஷ் ஓடும். கடைசியில் 'ஐ அக்ரீ' என்று பச்சையாக ஒரு பட்டன். அதை அமுக்கினால் கையெழுத்துப் போட்டதாகக் கணக்கு.

எச்.ஆர். தினேஷ் ஈரோட்டுப் பையன். மரியாதை தெரிந்தவன்தான். "அக்கா, இது வெறும் ஃபார்மாலிட்டி. பேப்பர் மிச்சம், அவ்ளோதான்" என்றான்.

"பேப்பர் மிச்சம்னா பழைய ஒப்பந்தத்தையே உள்ள ஏத்த வேண்டியதுதானே தம்பி? புதுசு எதுக்கு?"

அவன் சிரித்துக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிட்டான். சண்டை போட்டு ஒரு பிரிண்ட் வாங்கிக்கொண்டு ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் போனேன். தொழிலாளர் வழக்குகளைப் பார்த்துக்கொடுக்கிற பெர்னார்ட் சார் அங்கேதான் இருந்தார்.

அவர் எல்லாப் பக்கத்தையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "அன்னம்மா, இத அமுக்கினா நீ பர்மனென்ட் இல்ல. ஒரு வருஷ காண்ட்ராக்ட் ஆளு. வருஷம் முடிஞ்சா போன்னு சொல்லிடலாம். உன் சம்மதம் இல்லாம அவங்களால மாத்த முடியாது. நீ கைய மட்டும் வெக்காத."

வைக்கவில்லை. தினேஷ் தினமும் ஞாபகப்படுத்துவான், நானும் தினமும் "கண்ணு தெரியல தம்பி, நாளைக்குப் பாக்கலாம்" என்பேன்.

சரசு எனக்குப் பக்கத்து வீடு. ஃபேக்டரியிலும் பக்கத்து இடம். புருஷன் விட்டுவிட்டுப் போனபின் இரண்டு பெண்களைத் தனியாக வளர்த்தவள். எங்கள் வரிசையில் ஒரு பழக்கம் உண்டு. கேஸ் சிலிண்டர் வந்தாலும் கூரியர் வந்தாலும், யார் வீட்டில் இருக்கிறார்களோ அவர்கள் அடுத்தவர் பேரில் கையெழுத்துப் போட்டு வாங்கிவைப்பார்கள். என் பேரை என்னைவிட அழகாகச் சரசு எழுதுவாள். கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு போட்டபோதும் அவள் என் தோளை ஒட்டித்தான் நின்றாள். நான் என் மகள் தர்ஷினியின் பேரைப் போட்டேன். மறைக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. வீட்டுச் சாவியே அவளிடம் இருக்கும்போது பாஸ்வேர்டு என்ன பெரிய பாஸ்வேர்டு?

ஆடி மாதம் பாலக்கோட்டில் என் அப்பா செத்துப்போனார். எழவு வீட்டில் யார் போனுக்குச் சார்ஜ் போடுகிறார்கள்? அந்த வாரம் பார்த்து இங்கே நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். சனிக்கிழமைக்குள் அமுக்காதவர்களின் கார்டு திங்கட்கிழமை கேட்டில் வேலை செய்யாதாம். சரசு எனக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறாள். சனிக்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டர் முன்னால் போய் நின்று, என் நம்பரையும் என் மகள் பேரையும் அடித்து, அமுக்கிவிட்டாள்.

நான் ஊரிலிருந்து வந்து இறங்கியதும் கிண்ணத்தில் குழம்போடு ஓடிவந்தாள். "கவலப்படாத அக்கா. உனக்கும் சேத்து நானே அமுக்கிட்டேன். தலைக்கு வந்தது தலப்பாகையோட போச்சு."

நான் பையைக் கீழே போட்டேன். "அடிப்பாவி! என் கழுத்த அறுத்துட்டியேடி!" என்று கத்திய கத்தலில் வரிசை முழுவதும் வெளியே வந்துவிட்டது.

"வேலையே போயிடுமேன்னுதான் அக்கா..." என்று கிண்ணத்தைப் பிடித்தபடியே அழுதாள்.

தினேஷிடம் போய்க் கேட்டேன். சிஸ்டத்தில் ஏறியது ஏறியதுதான், திரும்ப எடுக்க வழி கிடையாது என்றான். சரசுவோடு கொஞ்ச நாள் பேச்சு கிடையாது. பிறகு என் வீட்டுக்காரருக்கு ஜுரம் வந்து தூக்கித் தூக்கிப் போட்டபோது அவள்தான் ஆட்டோ பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். அப்புறம் கோபத்தைத் தூக்கி எங்கே வைப்பது?

வருஷம் முடிந்தது. வெளிநாட்டு ஆர்டர் குறைந்துவிட்டது, உங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று முதல் ஆளாக எனக்குத்தான் வந்தது. வாயாடி அல்லவா.

பெர்னார்ட் சார் லேபர் ஆபீசில் மனு போட்டார். அவருக்கு ஒரே உற்சாகம். "அன்னைக்கு நீ பாலக்கோட்டுல இருந்த. லீவு லெட்டர் இருக்கு. உன்னக் கேக்காம வேற ஆள் அமுக்கினான்னு நீ சொன்னாப் போதும், ஒப்பந்தம் செல்லாது. பர்மனென்ட் வேலை திரும்பி வரும்."

"அமுக்கினவளுக்கு?"

"வேலை போகும். மோசடி கேசும் வரலாம். அவளப் பத்தி உனக்கென்ன? உன்னத் தெருவுல நிறுத்தினவ அவ."

விசாரணை அன்று சரசு ஷிப்டு போகாமல் என்னோடு பஸ் ஏறினாள். "என் பேரச் சொல்லிடு அக்கா. நான் செஞ்சதுதானே" என்றாள். சொன்னாளே தவிர, என் கையை இறங்கும்வரை விடவில்லை. சொல்லச் சொல்கிறவள் கையை விட வேண்டாமா என்று அதற்கும் எனக்கு எரிச்சல் வந்தது.

விசாரித்த அதிகாரி கிருஷ்ணப்பா வயசானவர், அதட்டாதவர். தினேஷ் ஒரு தாளை நீட்டினான். அதில் என் பேர், தேதி, எந்தக் கம்ப்யூட்டர், எல்லாம் இருந்தது.

"அக்கா அன்னைக்கு லீவுல இருந்தாங்க, ஒத்துக்கறோம் சார். ஆனா பாஸ்வேர்டு அவங்களோடது. அவங்க சொல்லி யாராவது அமுக்கியிருந்தா அது அவங்க சம்மதம்தான். அவங்களுக்குத் தெரியாம அமுக்கியிருந்தா அது திருட்டு. யாருன்னு சொல்லட்டும், கம்பெனி போலீசுக்குப் போகும்."

கிருஷ்ணப்பா என் பக்கம் திரும்பிக் கன்னடமும் தமிழுமாகக் கேட்டார். "யோசனெ மாடி ஹேளம்மா. யோசிச்சு நிதானமா சொல்லு. உனக்குப் பதிலா அமுக்கச் சொல்லி நீ யாருகிட்டயாச்சும் சொன்னியா?"

பெர்னார்ட் சார் முழங்கையால் என்னை இடித்தார். நான் நல்லவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த ஒரு நிமிஷத்தில் சரசுவை மனசுக்குள் பத்துத் தடவை கொன்றேன். கட்டிலில் படுத்திருக்கும் மனுஷனை நினைத்தேன். படிப்பை நிறுத்தட்டுமா என்று தர்ஷினி முந்தாநாள் கேட்டதை நினைத்தேன். சரசுவின் பேரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. வெளியே மரத்தடியில் அவள் நிற்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. வயிறு தெரிய முந்தானையை இழுத்து வாயில் கவ்விக்கொண்டு நின்றாள், முண்டம்.

"ஆமா சார்" என்றேன். "நான்தான் போன் பண்ணி அமுக்கச் சொன்னேன்."

"அன்னம்மா!" என்றார் பெர்னார்ட் சார்.

தினேஷ் சிரித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் தலையைக் குனிந்துகொண்டான். கிருஷ்ணப்பா இன்னொரு தடவை கேட்டார், நான் அதையே சொன்னேன், அவர் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான் வழக்கு. பெர்னார்ட் சார் வாசலில், "உனக்காக இத்தன மாசம் அலைஞ்சேன் பாரு, என்னச் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சரசு ஓடிவந்தாள். "சொல்லிட்டியா அக்கா?"

"இல்ல."

அவள் முகத்தில் உயிர் வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அந்த முகத்தில் ஓங்கி ஒரு அறை விட வேண்டும்போல் இருந்தது எனக்கு. அதற்குள் அவள் என் காலைப் பிடித்துவிட்டாள்.

"எழுந்திருடி. ரோட்டுல மானத்த வாங்காத."

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். இனி எந்த வாசலில் போய் வேலை கேட்பது, இந்த வயசில் யார் எடுப்பார்கள் என்று நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். பொம்மனஹள்ளி தாண்டியபோது அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, திட்டாத. எனக்கும் நேத்து புது காண்ட்ராக்ட் வந்திருக்கு. இந்தத் தடவ மூணு மாசந்தானாம். அமுக்கட்டுமா, வேணாமா?"

பெர்னார்ட் சார் சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரு எழுத்து விடாமல் சொல்லியிருப்பேன்.

"அமுக்குடி" என்றேன். "வேற என்ன பண்ணப் போற."