சீவிய முள்

மல்லசமுத்திரத்துக்குக் கிழக்கே கண்ணுசாமியின் மேய்ச்சல் காட்டில், முப்பத்து நாலாம் வருஷம் ஆவணி மாதம், இல்லாத முள் குத்தி ஏழு ஆடுகளுக்கு வாய் கிழிந்தது.

முள் இருந்த காலத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். அந்த ஆடுகளை மேய்த்த பெருமாயிக்கு இரண்டு வருஷம் முன்பு ஒன்பது மாதப் பெண் குழந்தை காய்ச்சலில் செத்தது. காட்டு மூலையில் புதைத்து, நரி தோண்டாமலிருக்க வழக்கப்படி வேலியிலிருந்த கிளுவை முள்மரக் கிளையை வெட்டி மேலே போட்டார்கள். போட்ட கிளை வேர்விட்டுத் துளிர்த்தது. ஆடுகள் கடித்தன, கடித்த இடத்தில் முள் விரல் நீளத்துக்கு வளர்ந்தது. அப்புறம் ஆட்டால் உதட்டை நுழைத்து ஒவ்வோர் இலையாகத்தான் பொறுக்க முடிந்தது; நாலு இலையில் சலித்துப்போய் நகர்ந்துவிடும். செடி ஆளுயரம் ஆனது.

முப்பத்து நாலில் மழை இல்லை. வேலிக் கிளுவையெல்லாம் இலை உதிர்ந்து நிற்க, மூலைச் செடி மட்டும் பச்சையாக இருந்தது. முள்ளைச் சீவி ஆட்டை விடச் சொன்னார் கண்ணுசாமி. முள்ளு இருக்கட்டுங்க சாமி, நரி தோண்டிப்போடும் என்று பெருமாயி கெஞ்சிப் பார்த்தாள்.

“செத்த புள்ளைக்குக் காவல் எதுக்கு? உசுரோட இருக்கற ஆட்டுக்கு எலை வேணும். உன்னால ஆவாதுன்னா சொல்லு, வேற ஆளு வரும்.”

வேறு ஆள் வந்தால் வேரோடு வெட்டுவான். அதனால் அவளே அரிவாளை எடுத்து, ஒரு பகல் முழுக்க ஒவ்வொரு முள்ளாகச் சீவினாள். மறுநாள்தான் ஏழு ஆடுகளும் வாயில் ரத்தத்தோடு பின்வாங்கின. கண்ணுசாமி நம்பாமல், மொழுமொழுவென்றிருந்த கிளைகளுக்குள் கையை விட்டார். முழங்கை வரை கீறலோடு வெளியே எடுத்தார்.

“முள்ளைத்தான் சீவியாச்சே, எதுடி குத்துது?”

“சீவுன முள்ளுதானுங்க.”

பட்டினியில் பதினோரு ஆடுகள் செத்தன. மற்றவை அந்த மூலைக்கு மூன்று முழம் தள்ளியே மேய்ந்தன. பெருமாயியும் செடியைத் தொடவில்லை. அரிவாள் பிடித்தது தன் கைதானே என்று பயம். முப்பத்தாறாம் வருஷம் அவளுக்கு இன்னொரு பெண் பிறந்து, தவழ்கிற வயதில் ஒருநாள் செடிக்குள் போய்விட்டது. பெருமாயி மூன்று முழம் தள்ளி நின்றே கூப்பிட்டாள். குழந்தை உடம்பில் ஒரு கீறல் இல்லாமல், வாயில் ஒரு கிளுவை இலையோடு வெளியே வந்தது.

அதன்பிறகு ஆட்டை ஓட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் அவள் சின்னதை அந்தச் செடிக்குள்ளேயே உட்காரவைத்துவிட்டுப் போனாள். புள்ளைய ஆரு பாத்துக்கறாங்க என்று தண்ணீர்க் குடத்தோடு போகிறவர்கள் கேட்டால், அவ அக்கா இருக்கறா என்பாள். கேட்டவர்களும் சரியென்று நடப்பார்கள்.