காது இரைகிறதா?

1

இந்தக் கதை டாக்டர் நண்பர் ஒருவரின் பேச்சில் கிடைத்தது. முடக்குவாதத்துக்கு அந்தக் காலத்தில் ஆஸ்பிரின்தான் பெரிய மருந்தாம். நோயாளி ஒழுங்காக விழுங்குகிறாரா என்று அறிய டாக்டர்கள் ஒரு கேள்வி கேட்பார்களாம்: “காது இரைகிறதா?” இரைந்தால் மருந்து உடம்பில் நிறைந்துவிட்டது, அளவைக் குறைக்கலாம். சொல்லிவிட்டு அவர் காபி குடிக்கப் போய்விட்டார். நான்தான் மாட்டிக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: ‘1961. நெய்வேலியில் பூமியைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கிராமமான வடக்குத்தில் ஒரு பெண்ணின் விரல்கள்...’

(வேண்டாம். பூமியையும் பெண்ணையும் ஒரே மூச்சில் சொல்லும் வழக்கத்தை நானாவது விட வேண்டும்.)

நேராகவே சொல்கிறேன். பெரியண்ணன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் கூலி. மனைவி கலியம்மாள். இருவருக்கும் முடக்குவாதம், காலையில் விரல் மடங்காது. (ஒரே வீட்டில் இருவருக்கா என்று நண்பரைக் கேட்டேன். “அபூர்வம். ஆனால் வரும்” என்றார்.) அவனைப் பெர்மனென்ட் ஆக்குவதற்கான மெடிக்கல் பரிசோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வரிசையில் யாராவது பார்த்துவிட்டால் வேலை போச்சு என்று அவன் அந்தப் பக்கமே போகவில்லை. கலியம்மாள் தன் பெயரில் மாத்திரை வாங்கி வந்தாள். அவன் விழுங்கினான்.

3

‘அவள் சந்தோஷமாகக் கொடுத்தாள்’ என்று எழுதி, அடித்துவிட்டேன். அவளுக்குக் கைக்குழந்தை. ஒருநாள் காலை தூக்கும்போது பிள்ளை நழுவிப் பாயில் விழுந்தது. அதிலிருந்து விடிந்ததும் பக்கத்து வீட்டுப் பட்டம்மாள் வந்துதான் பிள்ளையை அவள் மடியில் வைக்கிறாள். இதில் என்ன சந்தோஷம்?

ஆஸ்பத்திரி டாக்டர் அவள் விரல் வீக்கத்தைப் பார்த்து எரிந்து விழுந்தார்.

“மாத்திரையைச் சாப்பிடறியா, குப்பையில போடறியா? பொம்பளைங்களே இப்படித்தான். காது இரையுதா?”

“இல்லீங்க.”

“அப்ப நீ சாப்பிடல. அடுத்த வாரமும் இப்படியே வந்தா மருந்து கிடையாது.”

(அவன் ஒளிந்து விழுங்கினால் பிழைப்புக்காக. அவள் விழுங்காவிட்டால் அசட்டை. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைப்பதற்கில்லை.)

வீட்டுக்கு வந்து புருஷனைக் கேட்டாள்.

“காது இரையறதுன்னா எப்பிடி இருக்கும்?”

“எந்நேரமும் பம்பு ஓடிக்கினே கெடக்கிற மாதிரி. இன்னாத்துக்குக் கேக்கற?”

அடுத்த வாரம் டாக்டரிடம் அதையே சொன்னாள். “பம்பு ஓடிக்கினே கெடக்குதுங்க.”

டாக்டருக்கு முகம் மலர்ந்தது. “இப்பதான் நீ சொல்பேச்சு கேக்கற. வீக்கம் தானா வடியும்.” மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார்.

4

மெடிக்கல் அன்று விடிகாலை. அங்கே கம்பெனி டாக்டரின் கையை அழுத்திப் பிடித்துக் காட்ட வேண்டும். வீட்டில் ஒரு வேளைக்குத்தான் மாத்திரை மிச்சம்.

“இன்னிக்கி ஒரு நாளு குடு. பெர்மனென்ட் ஆயிட்டா குவார்ட்டர்ஸ் வரும். உனக்கும் கம்பெனி மருந்து வரும்.”

“போன மாசமும் இதையேதான் சொன்ன. எம்புள்ளய நானு எப்பத் தூக்கறது?”

அவன் கெட்டவன் இல்லை. அவன் சொல்வது பொய்யும் இல்லை. அதுதான் தொல்லை.

முடிவு ஒன்று: அவன் விழுங்குகிறான், பெர்மனென்ட்.

முடிவு இரண்டு: அவள் விழுங்குகிறாள். வெயில் ஏறியதும் பிள்ளையைத் தானே தூக்குகிறாள். அவன் கான்ட்ராக்ட் கூலியாகவே...

ஆளுக்குப் பாதி என்றும் எழுதிப் பார்த்தேன். இருவர் கையும் மடங்கவில்லை.

5

கடைசியாக எழுதியது: ‘கலியம்மாள் பொட்டலத்தைப் பல்லால் கிழித்து, மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டி, கையை விரித்தபடி அவன் முன் நின்றாள்.’

கொடுத்துவிட்டாள் என்று முடிக்கப் போனேன். அப்போதுதான் உறைத்தது. இது விடிகாலை. அந்தக் கை மூட வராது; விரிந்திருப்பதாலேயே கொடுக்கிறாள் என்று ஆகாது.

பெரியண்ணன் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். பாயில் பிள்ளை அழுகிறது. பட்டம்மாள் இன்னும் வரவில்லை.

அவன் எடுத்துக்கொண்டானா என்று என்னைக் கேட்காதீர்கள். ‘உனக்கு வேணுமா?’ என்று இந்தக் கதையில் இதுவரை ஒருவரும் அவளைக் கேட்கவில்லை, நான் உட்பட. முதலில் அதைக் கேளுங்கள். அவள் பதில் சொல்லும்வரை மாத்திரை அவள் கையிலேயே இருக்கட்டும்.